வெடியுப்பு ஊற்றிய தோட்டம்

சிவகாசியில் ஒரு பட்டாசு முதலாளியின் வீட்டு மாடியில் தோட்டம் அமைத்துக் கொடுத்தேன். அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் இரண்டு கைகளும் அதில் வெந்துபோயின. அது என் தவறால் நேர்ந்தது. அவருடைய தவறால் நேர்ந்தது என்று போலீஸ்காரரிடம் சொன்னவனும் நான்தான். இவ்வளவுதான் விஷயம். இனி எழுதப்போவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பது மட்டுமே.

நான் வேளாண்மை படித்தவன். விருதுநகர்க்காரன். சில ஆண்டுகள் அரசு வேலையில் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் விலகித் தூத்துக்குடிக்குப் போனேன். அங்கே கப்பல் ஏஜெண்டுகள் வீட்டிலும் ஒன்றிரண்டு ஓட்டல்களிலும் மாடித் தோட்டம் போட்டுக் கொடுத்துப் பெயர் வாங்கினேன். மழை பெய்யாத, வெயில் கொளுத்துகிற, உப்புக்காற்று அடிக்கிற மாடியில் பச்சையைக் கொண்டுவருவது எனக்குக் கைவந்துவிட்டது. மண்ணைச் சுமக்கத் தளத்துக்குப் பலம் போதாது. எனவே தென்னைநார்க் கழிவை நிரப்புவேன். அதன்மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகும் நாரும் பரப்பி மூடாக்குப் போடுவேன். வெயில் உள்ளே இறங்காது, ஈரம் வெளியே போகாது. பகலில் மூடாக்கு எவ்வளவு காய்ந்தாலும் விடிவதற்குள் கடலின் ஈரத்தைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். மூடாக்கின் மேல் வெள்ளையாகப் பூத்தால் அது கடலுப்பு. நாலு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் இறங்கிவிடும். இவ்வளவும் கடற்கரையில் சரி. இவற்றைத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்தேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய தொடக்க ஆண்டுகள் அவை. முதலாளி அப்போதுதான் துபாய் போய்த் திரும்பியிருந்தார். யாரோ ஒரு பெரிய வியாபாரி அவரை ஓட்டல் மாடியில் வைத்து விருந்து கொடுத்திருக்கிறார். ஈச்சமரம், மரப்பலகைத் தரை, சுவரில் வழிகிற தண்ணீர், நடுவில் பாய் விரித்தாற்போலப் புல். அதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. தம் வீட்டு மொட்டை மாடிக்கு என்னை நண்பகலில் அழைத்துப்போனார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததால் இரண்டு பேரும் கால் மாற்றிக் கால் வைத்து நின்றோம்.

“சார், அங்கனயும் வெயிலுதான், இங்கனயும் வெயிலுதான். அவன் வெறும் மணல்ல போட்டிருக்கான். நம்மளால முடியாதா?”

“அங்க பக்கத்துல கடல் இருக்கு அண்ணாச்சி.”

“கடலை விடுங்க. எத்தனை லாரி தண்ணி வேணும், அதச் சொல்லுங்க.”

அவருக்கு அந்தத் தோட்டம் வெறும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் வடநாட்டு வியாபாரிகள் ஆர்டர் கொடுக்க வருவார்கள். அந்த ஆண்டின் புது ரகங்களை வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் பற்றவைத்துக் காட்டுவார். அவர்கள் மாடியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். “பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சுச் சாம்பிள் காட்டுனா பிளாஸ்டிக் சேர் வெலதான் பேசுவான் சார்,” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து மாதத்தில் முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதை இன்றும் மறுக்கமாட்டேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி மூன்று பக்கமும் நீளமான பாத்திகள். அவற்றில் காகிதப்பூ, ஈழத்தலரி, அரளி. மூலைகளில் பெரிய தொட்டிகளில் ஈச்சை. நடுவில் புல், அதைச் சுற்றிப் பலகைத் தரை. தென்னைநார்க் கழிவு பொள்ளாச்சியிலிருந்து வரவேண்டும். அது போதாதபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊர் முழுக்க அச்சகம். காலண்டர், டைரி ஓரம் வெட்டிய தாள் துணுக்குகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றை நாரோடு கலந்து மூடாக்காகப் பரப்பினேன். ஊரின் குப்பையை ஊரின் தோட்டத்துக்கே பயன்படுத்தினேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

பிறகு உரம். வறட்சியைத் தாங்கவும் பூ நிறைய வைக்கவும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், வேண்டும். தண்ணீரில் கரைத்து ஊற்றும் பொட்டாசியம் நைட்ரேட் உரத்தைத் தூத்துக்குடியில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். அதை வாங்கவேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். பெயரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், அது நம்ம வெடியுப்புல்லா?”

“அதேதான் அண்ணாச்சி. நீங்க வெடிக்கு வாங்குறீங்க, நாங்க செடிக்கு வாங்குறோம்.”

“கம்பெனியில மூட மூடயாக் கெடக்கு. கடையில போய் எதுக்கு வாங்கணும்?”

அடுத்த நாளே அவருடைய காரின் பின்பக்கத்தில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. தொழிற்சாலை வேலிக்கு வெளியே அந்தச் சரக்கு வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். செடிக்குத்தானே என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அனுப்பினார். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நாற்பது வயது இருக்காது. அவருடைய பெரியவர்கள் மானாவாரிக் காட்டு வேலைக்குப் போனவர்கள். அவர் காலத்தில் எல்லாரும் பட்டாசுக்கு மாறிவிட்டார்கள். முதலாளியின் கம்பெனியில் வெடிமருந்து கலக்கி அடைக்கும் மருந்து ரூமில் வேலை பார்த்தவர். அடுத்த ரூமில் இருந்த தங்கை ஒரு நாள் தீயில் போய்விட்டாள். அதன்பிறகு அந்த அம்மா கம்பெனி வேனில் ஏறவே இல்லை. கணவர் வெளியூரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே என்னிடம் அவர் சொன்னது இது: “ஐயா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எம்மக அந்த வேன்ல ஏறக்கூடாது. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த வேல நெலைச்சிருந்தாப் போதும். செடியெல்லாம் நல்லா வரும்லா?”

“வரும்மா. நீ பாத்துக்கிட்டா வரும்,” என்றேன். அப்போது அவரை நீ என்றுதான் அழைத்தேன்.

உர மூட்டையைப் பிரித்துக் காட்டியபோது அவர் ஓரடி பின்வாங்கினார். “இது அங்கன உள்ளதுல்ல? இத எதுக்கு இங்கன கொண்டாந்தீக?”

நான் படித்தவன் அல்லவா, பாடம் எடுத்தேன். இந்த உப்பு தனியாக எரியாது. கரியும் கந்தகமும் சேர்ந்தால்தான் வெடிமருந்து. தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றினால் இது சோறு மாதிரி. ஒரு தீக்குச்சியை உரசி, கொஞ்சம் உப்பைச் சிமெண்டுத் தரையில் போட்டு, அதன்மேல் வைத்தும் காட்டினேன். குச்சி அணைந்தது. நான் தீக்குச்சியை எடுத்தபோதே அவர் மாடிப்படி வரைக்கும் போய்விட்டார். அங்கிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“நீங்க சொன்னாச் சரிங்கய்யா,” என்றார்.

நான் காட்டிய சோதனை உண்மைதான். அந்த உப்பு தனியாக எரியாது. ஆனால் நாங்கள் அதைத் தனியாகவா வைத்திருந்தோம்? நாரும் சருகும் தாளும் நான்கு விரற்கடைக்குப் பரந்து கிடந்தன. அவற்றின்மேல் வாரா வாரம் உப்புத் தண்ணீரை ஊற்றிக் காயவைத்தோம். உப்புத் தண்ணீரில் தாளை நனைத்துக் காயவைத்தால் அது பொறி பட்டவுடன் சரசரவென்று ஓடும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதலாளி பிறந்ததிலிருந்து அந்தத் தொழிலில் இருந்தவர். அந்த அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து மருந்தில் கை வைத்தவர். நான் வேதியியல் படித்துத் தேறியவன். மூன்று பேரும் அந்தப் பாத்திகளுக்கு நடுவே நின்றிருக்கிறோம், பூவைப் பார்த்திருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்து என்பது வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது. மாடியில் இருப்பது தோட்டம். அப்படித்தான் எங்கள் தலைக்குள் இருந்தது. மற்ற இருவரையும் நான் குறை சொல்ல முடியாது. உரம் என்று சொன்னவன் நான்.

முதல் ஆண்டு குறையில்லாமல் போனது. காகிதப்பூ கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்கியது. அந்த அம்மா டவுன் பஸ்ஸில் வந்து, மாலை வரை இருந்து, திரும்புவார். நான் மாதம் இரண்டு தடவை போவேன். “ஐயா, ஒங்க செடி எம்புட்டுப் பூத்திருக்கு பாத்தீகளா, மொதலாளியம்மா வாரம் வாரம் போட்டா எடுக்காக,” என்பார். மகள் கணக்கில் நிறைய மார்க் வாங்கியதையும் சொல்வார். வேன்காரன் தெருவில் ஆரன் அடிக்கும்போது தன் மகள் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறாள் என்பதையும் ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார், கண்பட்டுவிடும் என்பதுபோல.

அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. அதற்கு அடுத்த ஆண்டும் பெய்யவில்லை. ஊருக்கே குடிக்கத் தண்ணீர் லாரியில் வந்தது. மாடிக்கு ஏறும் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை என்றாகி, பிறகு நான்கு நாளைக்கு ஒரு முறை என்றானது. நான் மூடாக்கை இன்னும் தடிப்பாக்கச் சொன்னேன். தாள் துணுக்கு மூட்டைகள் இன்னும் வந்தன. இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. சாம்பல் சத்து குறைந்தாலும் இலையின் ஓரம் கருகும்; உப்பு மிஞ்சினாலும் அதேபோலக் கருகும். தூத்துக்குடியில் என்றால் உப்பு என்று பார்த்தவுடன் சொல்லியிருப்பேன். இங்கே கடல் இல்லையே, உப்பு எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டு, வெடியுப்பைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றச் சொன்னேன். கையில் அள்ளி ஊற்றுகிற உப்பை மறந்துவிட்டு இல்லாத கடலைப் பற்றி யோசித்தேன். மூடாக்கின்மேல் வெள்ளையாகப் பூத்தது. அதையும் பார்த்தேன். தண்ணீர் வந்ததும் இறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். இங்கே இரவிலும் காற்றில் ஈரம் கிடையாது. தாள் மொரமொரவென்று ஆகிவிட்டிருந்தது. நடந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது.

அந்தச் சீசனுக்கான வியாபாரிகள் வந்தார்கள். ஒரு மாலை சாம்பிள் காட்டினார்கள். நான் அன்று போகவில்லை. ஈச்சை காய்கிறது என்று முதலாளி போன் செய்ததால் மறுநாள் காலையில் போனேன். பலகைத் தரையில் காலிக் குப்பிகளும் சிகரெட் துண்டுகளும் கிடந்தன. அந்த அம்மா அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஈச்சையின் அடியைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, இங்கன ஏதோ பொகையுது.”

மேற்குப் பாத்தியிலிருந்து நூல் போலப் புகை வந்தது. வாணத்தின் பொறியோ சிகரெட்டோ, எதுவென்று இன்றுவரை தெரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது.

“சிகரெட்டாத்தான் இருக்கும். கிளறி வெளிய எடுத்துப் போடும்மா,” என்றேன். தலையைக்கூட முழுதாகத் திருப்பவில்லை.

அவர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் மூடாக்குக்குள் விட்டுப் புரட்டினார்.

சீறல் கேட்டது. பாம்பு சீறுவதைவிடப் பெரிதாக, பிரஷர் குக்கர் போல. பாத்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இளம் ஊதா நிறத்தில் தீ ஓடியது. விறகுத் தீக்கும் தாள் எரியும் தீக்கும் அந்த நிறம் வராது. ஆய்வுக்கூடத்தில் அந்த நிறத்தைப் பார்த்து உப்பின் பெயரை எழுதித் தேர்வில் மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அம்மா கைகளை வெளியே எடுத்தபோது எரிகிற தாள் முழங்கை வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. “தண்ணி, தண்ணி” என்று மட்டும் சொன்னார். தொட்டியில் தண்ணீர் இல்லை. விருந்தாளிகளுக்கு வைத்திருந்த குடிதண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து ஊற்றினேன். எனக்கு ஒரு காயமும் இல்லை.

முதலாளி படியேறி வந்தார். பாத்தி கருகிக் கிடந்ததைப் பார்த்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். அவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவைக் காரில் ஏற்றி அனுப்பிய பிறகு என் தோளைப் பிடித்துக் கொண்டார்.

“வாயத் தொறந்துராதீக சார். உப்ப வெளிய கொண்டாந்தது தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். கம்பெனியப் பூட்டிட்டா எம்புட்டுச் சனம் தெருவுல நிக்கும், யோசிச்சுப் பாருங்க. குப்பையக் கொளுத்துனா, பரவிருச்சு. அம்புட்டுத்தான்.”

“அண்ணாச்சி, அந்தம்மா...”

“ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கிடுதேன். ஒங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுதேன் சார். தோட்டத்துக்கு வெடிமருந்து போட்டவர்னு தூத்துக்குடி வரைக்கும் சிரிப்பாக.”

அவர் முதலில் சொன்ன காரணத்துக்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டாவது காரணத்துக்காகத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். அந்த அம்மாவின் கைகள் இரண்டும் துணியில் சுற்றிக் கிடந்தன. கட்டிலின் கால்மாட்டில் மகள் பள்ளிச் சீருடையில் நின்றாள். வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள்.

“என்ன நடந்துச்சு சார்?”

“சருகையும் தாளையும் கூட்டிக் கொளுத்தியிருக்காங்க. காத்துல பரவிருச்சு.”

“இதுக்கு முன்ன எங்கன வேல பாத்தாக?”

“பட்டாசுல. மருந்து ரூம்ல.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன சார் சொல்லுதீக? எங்க அத்தை இருவது வருசம் மருந்து ரூம்ல இருந்துச்சு. வீட்டு அடுப்பக்கூட வேற ஆளவிட்டுத்தான் பத்தவைக்கும். மருந்துல இருந்தவ தீப்பெட்டியத் தொட்டுக் குப்பையக் கொளுத்துவாளா?”

அந்த ஊரில் அதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். நான் தீக்குச்சி உரசியபோது படிக்கட்டு வரை ஓடியவர் அந்த அம்மா. “அப்படித்தான் நடந்துச்சு,” என்றேன். போலீஸ்காரர் கட்டில் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீ சொல்லு. நீயா கொளுத்துன?”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எழுதத் தோன்றுகிறது. அவ்வளவு நேரம் இருக்காது. பிறகு மகளைப் பார்த்தார். “ஆமாங்கய்யா. நாந்தான் தெரியாம வச்சிட்டேன்,” என்றார். போலீஸ்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மகள் மட்டும், “அம்மா, நீ எதுக்கும்மா...” என்று ஆரம்பித்தாள். “சும்மா இருட்டி,” என்றார் தாய்.

பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். மறுநாளே ஆட்களை வைத்து மூன்று பாத்திகளின் மூடாக்கையும் தண்ணீர் தெளித்து அள்ளி, ஈரச் சாக்குகளில் கட்டி, காட்டில் குழிவெட்டிப் புதைத்தேன். செடிக்கு நோய் வந்துவிட்டது, பரவக்கூடாது என்று அவர்களிடம் சொன்னேன். மிச்சமிருந்த உப்பு வந்த வழியே திரும்பிப் போனது. மாடியில் ஓடு பதித்துக் குடை நட்டு நாற்காலி போட்டார்கள்.

கம்பெனிக்குள் வெந்திருந்தால் அதிகாரிகள் வந்திருப்பார்கள், பத்திரிகையில் வந்திருக்கும், நட்டஈடு என்று ஏதாவது கிடைத்திருக்கும். குப்பை கொளுத்திக் கை வெந்தவளுக்கு எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் முதலாளி கொடுத்தார். தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஊரில் பேசிக்கொண்டதை முதலாளியின் கார் ஓட்டுநர் எனக்குச் சொன்னார். “மருந்துக்குப் பயந்து மாடிக்கு ஓடுனா, அங்கன போயும் வேட்டுப் போட்டுட்டா பாருங்கன்னு பஸ்ஸுல சிரிக்காக சார்.” அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தேன். அப்படிச் சிரிக்காவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன்.

மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கோடு தேறினாள் என்பதையும் அவர்தான் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தபிறகு ஒரு நாள், அவள் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை, வேனில் போகிறாள் என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதை முதலில் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டுப் பிறகு போலீசுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போக ஆசைப்பட்டேன் போலும்.

காலை முதல் பஸ்ஸில் போய் அவர்கள் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கினேன். வேப்பமரத்தடியில் வேனுக்காகப் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். தூக்குவாளிகளும் பேச்சும் சிரிப்பும். அந்த அம்மா மகளோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மடங்கிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

“வாங்கய்யா. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக? சாப்பிட்டீகளா?”

அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். “அம்மா, நான் போய் நடந்ததைச் சொல்லிடப் போறேன். தீ நீங்க வைக்கல. நான் ஊத்தச் சொன்ன உப்பு அது.”

“அது எனக்குத் தெரியாதாய்யா? கையில பட்டவளுக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் நீங்க...”

“நீங்களே அப்பிடிச் சொல்லிட்டீக. நான் மாத்திச் சொன்னா யாரு கேப்பாக?”

அவர் குரலில் கோபம் இல்லை. அவசரம்தான் இருந்தது. தூரத்தில் வேன் வரும் புழுதி தெரிந்தது.

“ஐயா, ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. நீங்க இப்பச் சொல்லாதீக. மொதலாளிதான் எம்மகளுக்கு வேல போட்டுக் குடுத்திருக்காக. பேக்கிங்கில. அட்டப்பெட்டி ஒட்டுறது. மருந்துப் பக்கமே போகண்டாம்னு சொல்லித்தான் சேத்திருக்கேன். நீங்க போய்ச் சொன்னா நாளைக்கே அவள நிப்பாட்டிருவாக. வேற கம்பெனிக்குப் போனா யாரு அவளப் பேக்கிங்கில வைப்பா? நேரா மருந்து ரூமுதான். என் கையி போனது போகட்டும். அவ கைய விட்டுருங்க.”

வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்காமலே, “என்ன, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீக, ஏறுங்க ஏறுங்க,” என்று சத்தம் போட்டார். “ஒங் கல்யாணத்துக்குத்தாம்லே காத்துக்கிடக்கோம்,” என்று ஒரு கிழவி பதில் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மகள் குனிந்து கால் கொலுசைக் கழற்றினாள். உரசினால் பொறி வரும் என்று கம்பெனிக்குள் இரும்பும் வெள்ளியும் போகக்கூடாது. கொண்டை ஊசியையும் எடுத்தாள். அவற்றைத் தாயிடம் நீட்டினாள். தாயின் விரல்கள் மூடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கிண்ணம் போல வைத்து வாங்கிக்கொண்டார். ஒரு ஊசி நழுவி மண்ணில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் வேனில் ஏறினாள்.

“சொல்லமாட்டீகள்ல?” என்றார் அந்த அம்மா.

“சரிம்மா,” என்றேன்.

அந்தச் சரியைச் சொன்னவுடன் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் எழுத முடியாமல் இவ்வளவு காலம் வைத்திருந்தேன். கை வெந்ததைக்கூட யாரிடமாவது சொல்லியிருப்பேன். அந்த விலக்கில், அந்த வேன் போன புழுதியில், இனி நான் போலீசுக்குப் போகவேண்டாம் என்று தெரிந்தபோது உடம்பு லேசானதைச் சொல்லக் கூசியது. அவர் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. திரும்பும் வழியில் பசித்தது. சாத்தூரில் இறங்கிச் சாப்பிட்டேன்.

தீபாவளி நெருங்கிய நேரம். ஆர்டர் குவிந்து ஆள் போதவில்லை. பேக்கிங்கில் இருந்த பெண்களில் சிலரை மருந்து ரூமுக்கு மாற்றிவிட்டார்கள், அவளும் அதில் ஒருத்தி என்று முதலாளியின் ஓட்டுநர் எனக்குப் போனில் சொன்னார். நான் மௌனமாக இருப்பதற்கு அந்த அம்மா கொடுத்த காரணம் அன்றோடு முடிந்துவிட்டது. அன்றைக்கே போயிருக்கலாம். முதலாளியைப் பார்த்து, அவளைத் திரும்பப் பெட்டி ஒட்ட அனுப்புங்கள், இல்லையென்றால் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியாவது இருக்கலாம். அவரை மிரட்ட என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அது போதுமானதும்கூட. நான் போகவில்லை. அவளுக்கு அதன்பிறகு என்ன ஆனது என்று விசாரிக்கவும் இல்லை. ஏதாவது ஆகியிருந்தால் கேள்விப்பட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்து விபத்துச் செய்திகளில் பெயர்கள் போட்டிருந்தால் அந்தப் பத்தியைப் படிக்காமல் தாளைத் திருப்பிவிடுவேன்.

அந்தப் போன் வந்தபோது நான் விருதுநகரில் ஒரு மிளகாய் மொத்த வியாபாரியின் வீட்டு மாடியில் இருந்தேன். அவருக்கும் தோட்டம் வேண்டும் என்றார். அளவு நாடாவின் மறுமுனையைக் கொத்தனார் பிடித்துக்கொண்டு நின்றார். “என்ன சார், ஏதும் துக்கச் சேதியா?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அடுத்த பக்கத்துச் சுவருக்குப் போகச் சொன்னேன்.